பழங்கணினியிற் கிடக்கும் மின்மடல்கள்

1706-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர் தம் நாட்டார்க்கு வரைந்த மடல்கள், ஜெர்மனி தேயத்து ஹாலே நகரில் உள்ள பிராங்கே அறநிலையச் சுவடிச்சாலையில் இன்றும் பேணப்பட்டு வருகின்றன. கப்பலேறிக் கடல் கடந்து, மாதக்கணக்கில் வழியிற் கிடந்து சென்று சேர்ந்தவை அவை. முந்நூறு ஆண்டுகள் கழிந்தும் அவற்றைப் படிக்க விழைவார்க்கு வேண்டுவன அக்கால மொழியும் கையெழுத்தும் அறிந்த இரு கண்களே. ஆனால், 2003-ஆம் ஆண்டிற் பழைய மாணவர் ஒருவர் தம் ஆசிரியர்க்கு விடுத்த மின்னஞ்சலை இன்று எடுத்துக் காட்டுக என்று கேட்பின், நம்மிற் பலர் திகைத்து நிற்பர். அஃது இருபதாண்டுகட்குச் சற்றே மேற்பட்ட பழமையுடையது. ஆயினும் அதனைப் படிக்கக் கண்கள் மட்டும் போதா.

“பழைய கணினி பழுதுற்றது, புதியது வாங்கினோம், பழைய கடிதங்கள் யாவும் அதனோடு போயின” என்று கூறுவாரைப் பலகாற் கண்டிருக்கின்றோம். போயின என்பது பெரும்பாலும் மெய்யன்று. கணினி இயங்காமற் போவதும், அதனுள் அமைந்த ஹார்டு டிஸ்க் எனப்படும் வன்தட்டுக் கெடுவதும் வேறு வேறு செய்திகள். மின்வழங்கி எரிந்திருக்கலாம், தாய்ப்பலகை பழுதாகியிருக்கலாம், இடியிடித்த ஓர் இரவில் உள்ளுறுப்புகளுட் பல ஒருங்கே மாய்ந்திருக்கலாம். அவ்வாறாயினும் வன்தட்டுப் பிழைத்திருத்தல் உண்டு. வீடு இடிந்த வழியும் பெட்டகம் நிற்பது போன்றது இது. ஆதலின், பரண்மேற் கிடக்கும் பழைய கணினியைப் பழம்பொருள் வணிகர்க்கு எடைபோட்டுக் கொடுக்குமுன், அதன் தட்டினுள் யாதுள்ளது என்று காண்பது தக்கது. அதற்குரிய வழிகளை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

முதற்கண் ஆராயத்தக்கது, நாம் தேடும் மடல்கள் அத்தட்டில் இருந்தனவா என்பதே. இதனை ஆராயாது உழைப்பார் உழைப்பு வீணாதல் கூடும். நம் நாட்டிற் பொதுமக்கட்கு இணையத் தொடர்பு வி.எஸ்.என்.எல். வாயிலாகக் கிடைக்கத் தொடங்கியது 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள். அக்காலத்தே தொலைபேசிக் கம்பி வழியாகவே இணையத்தை எட்டவேண்டும். பேசும் நேரத்திற்குக் கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும். அதனால், தொடர்பு கொண்டு, வந்த மடல்களையெல்லாம் தம் கணினியில் இறக்கிக்கொண்டு, தொடர்பை அறுத்துவிட்டு, பின்னர் ஆர அமர இருந்து படித்து மறுமொழி எழுதுவது வழக்கமாயிற்று. இவ்வாறு இறக்கும் முறைக்குப் ‘பாப்’ என்று பெயர். இம்முறையில், மடல் நம் கணினிக்கு வந்து சேர்ந்ததும் தபால் நிலையத்துக்கு ஒப்பான வழங்கிக் கணினியிலிருந்து நீக்கப்பட்டுவிடுதல் இயல்பு. எனவே, உலகில் அம்மடலுக்கு நம் பக்கத்தே இருந்த ஒரே படி அந்தப் பழைய வன்தட்டில் இருப்பதேயாகும். இவ்வகையினர்க்கே இம்முயற்சி பெரும்பயன் தருவது.

மற்றொரு முறை ‘ஐமேப்’ என்பது. அதனை மார்க் கிறிஸ்பின் என்பார் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் 1986-ஆம் ஆண்டு ஆக்கினார். இதன்கண் மடல்கள் வழங்கியிலேயே தங்கும். கணினியில் இருப்பது அதன் நிழலே. இனி, 1996-இல் தோன்றிய ஹாட்மெயில் முதலியவற்றை உலாவியின் வழியே மட்டும் படித்துவந்தோர் தட்டினுள் மடல் ஒன்றும் இராது. இருப்பினும் ஓரிரு பக்கங்களின் சிதறலே இருக்கும். அன்னார் தேடவேண்டிய இடம் அக்கணக்கே. அக்கணக்குகளோ, நெடுநாள் திறவாதிருப்பின் அழிக்கப்படுவன. கூகிள் நிறுவனத்தார் ஈராண்டு பயன்படுத்தாது கிடந்த தனியார் கணக்குகளை 2023-ஆம் ஆண்டு டிசம்பர் முதலாக நீக்கத் தலைப்பட்டனர். ஆகவே, மறந்துபோன கடவுச்சொல்லை நினைவுகூர்தற்கு இன்றே முயல்வது நன்று.

நிற்க. வன்தட்டின் இயல்பைச் சிறிது அறிந்துகொண்டாலன்றி அதனைக் கையாளும் முறை விளங்காது. 1956-ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட முதல் வன்தட்டுப் பொறியில், இரண்டடி விட்டமுள்ள ஐம்பது தட்டுகள் இருந்தன. அஃது ஒரு டன்னுக்கு மேற்பட்ட எடையுடையது. அதில் அடங்கியவை ஐம்பது இலட்சம் எழுத்துகளே. இன்று ஒரு நிழற்படத்திற்கும் அவ்விடம் போதாது. பின்னர் வந்த தட்டுகள் உள்ளங்கையளவாய்ச் சுருங்கினும் அடிப்படை ஒன்றே. காந்தப் பூச்சுப் பூசிய வட்டத் தகடுகள் சுழல, அவற்றின்மீது ஒரு சிறு காந்தமுனை அங்குமிங்கும் அசைந்து எழுதவும் படிக்கவும் செய்கிறது. மேசைக் கணினித் தட்டுகளுட் பல நிமிடத்திற்கு 7200 சுற்றுச் சுற்றுவன. அஃதாவது, நொடிக்கு 120 சுற்று. அத்தகட்டின் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 130 கிலோமீட்டர் வேகத்தில் விரைகின்றது. காந்தமுனையோ, தகட்டைத் தொடாமல், தலைமயிர்ப் பருமனில் ஆயிரத்திலொரு பங்கினுங் குறைந்த உயரத்தில் மிதக்கின்றது. அவ்விடைவெளியில் ஒரு தூசு புகினும் மலை விழுந்தாற் போன்றதே. தட்டின் மூடியைத் திருகாணி கழற்றித் திறந்து பார்ப்பது பெருங்கேடு என்பது இதனால் விளங்கும். பழுதான தட்டைக் குளிர்ப்பெட்டியில் வைத்தெடுத்தால் உயிர்பெறும் என்றொரு கதையும் உலவுகின்றது. நம் நாட்டுக் காற்றின் ஈரம், குளிர்ந்த தகட்டின்மேல் நீராய்ப் படியும் என்பதை அக்கதை சொல்வார் எண்ணிப் பார்த்திலர்.

தட்டைக் கழற்றி எடுத்தபின் அதன் இணைப்பு வகையைக் காணவேண்டும். ஏறத்தாழ 2003-க்கு முன்னர் வந்தவை, நாற்பது ஊசிகளும் அகன்ற நாடாக் கம்பியும் கொண்ட ‘ஐ.டி.இ.’ வகையின, பின்னர் வந்தவை ஒடுங்கிய வாயினையுடைய ‘சாட்டா’ வகையின. இவற்றை யு.எஸ்.பி. வாயில் பொருத்தும் இணைப்பான்கள் கடைகளிற் கிடைக்கின்றன. அவற்றுட் பல சாட்டாவுக்கு மட்டுமே உரியனவாதலின், பழந்தட்டு உடையோர் கேட்டு வாங்கவேண்டும். மடிக்கணினியின் சிறு தட்டு யு.எஸ்.பி. தரும் மின்சாரத்தாலேயே பெரும்பாலும் இயங்கும். மேசைக் கணினியின் பெருந்தட்டுக்குப் 12 வோல்ட் தனியே வேண்டும். அதற்குரிய மின்வழங்கி உடன் வருகின்றதா என்றும் பார்த்தல் வேண்டும்.

மின்சாரம் செலுத்தியதும் செவி கொடுத்துக் கேளுங்கள். சீரான இரைச்சல் நல்ல குறி. ‘டக், டக்’ என்று ஒரே தாளத்தில் அடிக்குமாயின், காந்தமுனை தன்னிடம் காணாது தடுமாறுகின்றது என்க. அப்பொழுதே மின்சாரத்தை நிறுத்திவிடுதல் வேண்டும். மேலும் ஓடவிடுவது, கிழிந்த சுவடியை மீண்டும் மீண்டும் புரட்டுவதோடு ஒக்கும். அத்தகைய தட்டைத் தூசற்ற அறை வைத்துத் தொழில் செய்வாரிடமே ஒப்படைத்தல் முறை, கட்டணம் மிகுதி, அதனால் மடல்களின் அருமையை எண்ணித்தான் முடிவு செய்யவேண்டும்.

சீராக ஓடும் தட்டாயினும், அதிலிருந்து கணினியைத் தொடக்க முயலுதல் நன்றன்று. விண்டோஸ் போன்ற இயக்கமுறைமை தொடங்கும்போதே நாம் அறியாமல் ஆயிரம் சிறு குறிப்புகளைத் தட்டில் எழுதுகின்றது. அழிந்த மடல்கள் கிடக்கும் இடத்தின்மேலேயே அவ்வெழுத்து விழுதல் கூடும். பழைய கணினியைச் சரிசெய்து தருக என்று கடையிற் கொடுப்பார்க்கு வரும் இழப்பும் இதுவே. கடையாள் தன் கடமையாகக் கருதித் தட்டினைத் துடைத்துப் புதிய விண்டோஸை ஏற்றித் தருகின்றான், கணினி ஓடுகின்றது, கடிதங்கள் மாய்ந்தன. அவனைக் குறை கூறிப் பயனில்லை. வேண்டுவது கணினியன்று, கடிதங்களே என்று முன்னரே சொல்லி, ஒன்றும் எழுதலாகாது என்று எழுத்திலும் கொடுத்திருத்தல் வேண்டும்.

சிறந்த வழி, தட்டு முழுவதையும் ஒரே கோப்பாகப் படியெடுத்து, அப்படியின்மேல் உழைப்பதாகும். ஏட்டுச்சுவடியை ஆராய்வார் மூலத்தைப் பெட்டியில் வைத்துப் படியிலேயே குறிப்பெழுதுவர் அன்றோ? இதற்குரிய இலவசச் செயலிகளுள் ‘டிடி ரெஸ்க்யூ’ என்பது சாலச் சிறந்தது. இது குற்றமற்ற பகுதிகளை முதலில் விரைந்து எடுத்துக்கொண்டு, இடர்ப்படும் பகுதிகளுக்குப் பின்னர் மீண்டும் வருகின்றது. எங்கெங்கே விட்டுவந்தது என்பதையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்கின்றது. 2002-ஆம் ஆண்டளவில் வாங்கிய 40 ஜிகாபைட் தட்டு குறையற்றதாயின் ஒரு மணி நேரத்துள் படியாகிவிடும். இன்றைய தட்டொன்றில் அஃது ஒரு மூலையிலே அடங்கும்.

இனி, மடல்கள் தட்டினுள் எங்கே உறைகின்றன என்பது. இதிலேதான் பலரும் சோர்ந்து விடுகின்றனர். ‘மை டாக்குமெண்ட்ஸ்’ என்னும் கோப்புறையைத் திறந்து பார்த்து, அங்கு இல்லை, ஆகவே எங்கும் இல்லை என்று முடிவு கட்டுகின்றனர். பழைய அஞ்சற்செயலிகள் மடல்களை வைத்த இடம் பெரும்பாலும் கண்ணுக்குப் புலப்படாதவாறு மறைக்கப்பட்ட கோப்புறையாகும். மறைந்த கோப்புறைகளைக் காட்டுக என்று கணினிக்கு ஆணையிட்ட பின்னரே அவை தோன்றும்.

2001-இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளில் மிகுதியாய் வழங்கியது அவுட்லுக் எக்ஸ்பிரஸ். அதன் மடல்களைக் காண்பதற்கு, ‘டாக்குமெண்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்’ என்பதனுள் பயனர் பெயரும், அதனுள் ‘லோக்கல் செட்டிங்ஸ்’, பின் ‘அப்ளிகேஷன் டேட்டா’, பின் ‘ஐடென்டிடீஸ்’ என்று படிப்படியாக இறங்கவேண்டும். அங்கே நெளிவுக் குறிகளுக்கிடையே 32 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு பெயர் தோன்றும். அதனைக் கண்டு அஞ்சற்க. அதற்கும் அப்பால், மைக்ரோசாப்ட் என்னும் உறையினுள் அவுட்லுக் எக்ஸ்பிரஸ் என்னும் உறை இருக்கும். அதில் ‘டிபிஎக்ஸ்’ என்னும் பின்னொட்டுடைய கோப்புகளைக் காணலாம். வந்த மடல்களுக்கு ஒரு கோப்பு, சென்றவற்றுக்கு ஒரு கோப்பு, நாமே வகுத்த பிரிவுகள் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கோப்பு என்று அமைந்திருக்கும். அவ்வுறை முழுவதையும் அப்படியே படியெடுத்தல் வேண்டும். ஒன்றை மட்டும் எடுத்து மற்றவற்றை விடுவது கூடாது. குறுந்தகட்டில் முன்னரே காப்பெடுத்து வைத்திருந்தவர்கள் ஒன்று நினைவிற் கொள்க. குறுந்தகட்டிலிருந்து மீளும் கோப்புகள் ‘படிக்க மட்டும்’ என்னும் தடையோடு வருவதுண்டு. அத்தடையை நீக்கினாலன்றி அவுட்லுக் எக்ஸ்பிரஸ் அவற்றை ஏற்பதில்லை.

அலுவலகங்களில் வழங்கிய பெரிய அவுட்லுக், மடல்கள், முகவரிகள், நாட்குறிப்பு அனைத்தையும் ‘பிஎஸ்டி’ என்னும் ஒரே கோப்பில் வைப்பது. 2003-ஆம் ஆண்டுப் பதிப்புக்கு முன்னர் அக்கோப்பு 2 ஜிகாபைட்டுக்கு மேற்படின் கெட்டுப்போகும். அதனைச் சீர்ப்படுத்த மைக்ரோசாப்ட் நிறுவனத்தாரே ஒரு கருவி தந்துள்ளனர். விண்டோஸ் லைவ் மெயில் என்பது ஒவ்வொரு மடலையும் ‘இஎம்எல்’ என்னும் தனிக் கோப்பாக வைத்தது. மீட்பார்க்கு மிக எளிது. தண்டர்பேர்டு, பிரிவொன்றுக்கு ஒரு நீண்ட எழுத்துக்கோப்பு வைத்து, மடலின் பின் மடலாக அதில் ஒட்டிக்கொண்டே செல்வது. இவ்வடிவுக்கு ‘எம்பாக்ஸ்’ என்று பெயர். அக்கோப்புக்குப் பின்னொட்டே இல்லையாதலின், பலர் அதனைப் பயனற்றதென்று கருதித் தள்ளிவிடுகின்றனர். பக்கத்தில் இருக்கும் சிறிய ‘எம்எஸ்எப்’ கோப்பையே மடல் என்று எடுத்துச் செல்கின்றனர். அது வெறும் அட்டவணை. 1988-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் டார்னர் ஆக்கிய யுடோரா என்னும் செயலியும் எம்பாக்ஸைத் தழுவியதே. அஞ்சல் நிலையத்தில் வாழ்பவள் ஒருத்தியைப் பற்றிக் கதை எழுதிய யுடோரா வெல்டி என்னும் அமெரிக்க அம்மையார் பெயரை அதற்கு இட்டனர். கணினி வல்லாருள்ளும் கதை படிப்போர் உளர் என்பதறிந்து இலக்கிய மாணவர் மகிழ்வாராக.

தட்டை வேறு கணினியிற் பொருத்தித் திறக்கும்போது ‘அனுமதி இல்லை’ என்று மறுக்கப்படுதல் உண்டு. பயனர் கடவுச்சொல் வைத்திருந்தமையால் நேர்வது அது. ஆயினும் அக்கடவுச்சொல் வாயிற்கதவின் தாழே. உள்ளிருக்கும் ஏடுகள் மறைமொழியில் எழுதப்படவில்லை. புதிய கணினியின் தலைமைப் பயனர், அவ்வுறையின் உரிமையைத் தம் பெயர்க்கு மாற்றிக்கொண்டால் திறந்துவிடும். தட்டு முழுவதையும் மறைமொழியாக்கும் ‘பிட்லாக்கர்’ போன்றவை வேறு. அவை உள்ள தட்டை 48 இலக்க மீட்பெண் போன்ற திறவுகோல் இல்லாமல் எவராலும் படிக்க இயலாது. படித்துத் தருவேன் என்று பணம் கேட்பாரை நம்பவேண்டா. எக்ஸ்பி காலத்து இல்லக் கணினிகளில் இத்தகைய மறைப்பு அரிதேயாதலின், பழந்தட்டுகட்கு இத்தொல்லை குறைவு. இக்காலத்து மடிக்கணினிகளில் இது தானே இயங்குதல் உண்டு. இருபதாண்டு கழித்து நம் தட்டுகளைத் திறக்க முயலும் பிள்ளைகள்பால் நமக்கு இரக்கம் தோன்றுகின்றது.

கோப்புகள் கைக்கு வந்தபின் படிப்பது எங்ஙனம்? அவுட்லுக் எக்ஸ்பிரஸ் இன்றைய விண்டோஸில் இல்லை. அக்கோப்புகளை ‘அன்டிபிஎக்ஸ்’ என்னும் சிறு செயலி தனித்தனி இஎம்எல் மடல்களாகப் பிரித்துத் தரும். பிஎஸ்டி கோப்புகளை ‘ரீட்பிஎஸ்டி’ எம்பாக்ஸாக மாற்றும். இவ்விரு வடிவங்களையும் இன்றைய தண்டர்பேர்டு ஒரு துணைச்செயலியின் உதவியால் ஏற்றுக்கொள்கின்றது. செயலி ஒன்றும் கிட்டாவிடினும் மனம் தளரவேண்டா. மின்னஞ்சலின் எழுத்தமைப்பு 1982-இல் வகுத்த விதிகளின்படி வெறும் எழுத்துகளால் ஆயது. இஎம்எல் கோப்பை நோட்பேடில் திறப்பின், விடுத்தவர் யார், பெற்றவர் யார், நாள் யாது என்னும் தலைப்பும், அதன்பின் ஒரு வெற்றுவரியும், அதன்பின் செய்தியும் கண்ணுக்குத் தோன்றும். கடைசியிற் பொருளற்ற எழுத்துகள் பக்கம் பக்கமாக வந்தால், அவை உடன்விடுத்த படமோ ஆவணமோ ஆகும். மூன்று பைட்டுகளை நான்கு எழுத்துகளாக மாற்றி விடுப்பதால், அஃது உண்மை அளவினும் மூன்றிலொரு பங்கு பருத்திருக்கும்.

அழித்த மடல்களும் மீளுமா என்று வினவுவார் பலர். மீளலாம், உறுதி கூற இயலாது. கோப்பொன்றை அழித்தால், கணினி செய்வது அட்டவணையிலிருந்து அதன் பெயரைக் களைந்து, அவ்விடம் வெறுமை என்று குறித்துக்கொள்வதே. வேறொன்று அதன்மேல் எழுதப்படும்வரை எழுத்துகள் அங்கேயே கிடக்கும். ‘போட்டோரெக்’ போன்ற செயலிகள் பெயரை நோக்காது, தட்டின் ஒவ்வொரு கூற்றையும் துருவி, கோப்பின் தொடக்கக் குறிகளைக் கண்டு எடுக்கின்றன. தனி மடல்களுக்கும் இந்நிலையே. அவுட்லுக் எக்ஸ்பிரஸிலும் தண்டர்பேர்டிலும் அழித்த மடல், கோப்பைச் ‘சுருக்குக’ என்று ஆணையிடும்வரை, கோப்பினுள் மறைந்து கிடக்கும். ஆகவே, பழைய செயலியைத் திறந்து, அது சுருக்கவா என்று கேட்கும்போது ஆம் என்று சொல்லிவிடாதீர்கள். இவையெல்லாம் சுழலும் தட்டுகளுக்கே பொருந்தும். எஸ்.எஸ்.டி. எனப்படும் சுழலாத தட்டுகளில், அழித்த இடத்தைத் தட்டே தனக்குள் துடைத்துக்கொள்ளும் ஏற்பாடு உண்டாகலின், அங்கே நம்பிக்கைக்கு இடம் சிறிதே.

அழித்தலின் வலிமை எத்துணைச் சிறிது என்பதற்கு அமெரிக்க நாட்டு வரலாறு சான்றாகும். ஈரானுக்குப் படைக்கலம் விற்ற செய்தி வெளிப்பட்ட 1986-ஆம் ஆண்டு நவம்பரில், வெள்ளை மாளிகையின் அலுவலராயிருந்த ஜான் பாயிண்டெக்ஸ்டரும் ஆலிவர் நார்த்தும் தம் மின்மடல்களை ஆயிரக்கணக்கில் அழித்தனர். அம்மடல்கள் காப்பு நாடாக்களில் ஏற்கெனவே பதிவாகியிருந்தன; ஆராய்வோர் அவற்றை மீட்டெடுத்து, அடுத்த ஆண்டின் அறிக்கையிற் பயன்படுத்தினர். நமக்கு இதனால் ஒரு வழி புலனாகின்றது. மடலுக்கு இரு முனைகள் உண்டு. நம் தட்டில் இல்லாதது, அன்றொருநாள் எடுத்துவைத்த குறுந்தகட்டில் இருக்கலாம். அதிலும் இல்லையேல், பெற்றவர் கணினியில் இருக்கலாம். நம் ஆசிரியர் எழுதிய மடல் அவர் வீட்டில் மறைந்திருப்பினும், துபாயிலோ டொராண்டோவிலோ வாழும் மாணவரிடம் அதன் படி இருக்கக்கூடும். கேட்டு எழுதுவதற்கு எந்தச் செயலியும் வேண்டா.

தமிழிலே எழுதிய மடல்களுக்கு உரிய இடர் ஒன்று தனியே உளது. தட்டும் நன்று, கோப்பும் நன்று, செயலியும் திறந்தது. ஆனால் திரையிலே தோன்றுவது பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் விந்தைக் குறிகளும். இது கண்டு, கோப்புக் கெட்டது என்று கைவிட்டார் பலர். கெட்டிலது. ஒருங்குறி எனப்படும் யூனிகோடில் தமிழுக்கு இடம் 1991-ஆம் ஆண்டின் முதற் பதிப்பிலேயே கிடைத்ததாயினும், இல்லக் கணினிகளில் அது பரவப் பல்லாண்டுகள் சென்றன. அதுகாறும் எழுத்துரு செய்த ஒவ்வொருவரும் தத்தமக்குத் தோன்றிய முறையில் ஆங்கில எழுத்துகளின் இருக்கைகளிலே தமிழெழுத்துகளை அமர்த்தினர். பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்று எழுதினால், கணினி தன்னுள் எழுதிக்கொண்டது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து குறிகளையே. எழுத்துரு உள்ள கணினியில் அது தாயாகத் தோன்றும். இல்லாத கணினியிற் பொருளற்ற குவியலாகத் தோன்றும். இக்குழப்பத்தை ஒழிக்கவே டிஸ்கி என்னும் குறியேற்றமும், 1999-ஆம் ஆண்டு பிப்ரவரியிற் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி டாப், டாம் என்பனவும் எழுந்தன. ஒரு குழப்பம் தீரப் பல தீர்வுகள் பிறந்து, தீர்வுகளே குழப்பமாயின என்று நகைப்பாரும் உண்டு. ஆயினும் அன்று உழைத்தோரின் உழைப்பே இன்றைய எளிமைக்கு வித்து.

மீட்பார் செய்யவேண்டுவது, அம்மடல் எக்குறியேற்றத்தில் எழுதப்பட்டது என்று காண்பதாம். பழைய தட்டின் விண்டோஸ் உறையினுள் ‘பான்ட்ஸ்’ என்னும் கோப்புறை இருக்கும். அதிலுள்ள எழுத்துருக்களின் பெயர்களைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். அவற்றையும் மடல்களோடு படியெடுத்து வைத்தல் இன்றியமையாதது. அவ்வெழுத்துருவைப் புதிய கணினியில் நிறுவிப் பார்ப்பின் தமிழ் தோன்றும். தோன்றியபின், என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்றதொரு மாற்றியால் ஒருங்குறிக்குக் கொணரலாம். அந்தரங்க மடல்களை எவரோ நடத்தும் இணையப் பக்கத்தில் ஒட்டி மாற்றுவது முறையன்று. நம் கணினியிலேயே இயங்கும் மாற்றியைக் கொள்க. ஒரே ஓர் எச்சரிக்கை. மடலின் எழுத்துகள் வினாக்குறிகளாகவே கோப்பினுள் பதிவாகியிருப்பின், இடைவழியில் ஏதோவொரு செயலி தனக்குத் தெரியாத எழுத்தையெல்லாம் வினாக்குறியாக்கிவிட்டது என்க. அதற்கு மருந்தில்லை; விடுத்தவரிடமிருந்த மூலத்தையே தேடவேண்டும்.

இவ்வளவும் செய்து மடல்களைக் கண்முன் கொணர்ந்தபின், எழுகின்ற வினா ஒன்று இவை அனைத்தினும் கடினமானது. இவை யாருடையவை? அண்மையில் இறையடி சேர்ந்த ஆசிரியர் ஒருவரின் தட்டை, அவர்தம் மகனார் வேண்டுகோளின்படி நாம் படியெடுக்க நேர்ந்தது. தந்தையாரின் கட்டுரைகளும் நண்பர் மடல்களும் கிடைக்கும் என்றே அவர் எதிர்பார்த்தார். அவையும் கிடைத்தன. ஆனால் அவ்வாசிரியர் நெடுங்காலம் விடுதிக் காப்பாளராக இருந்தவர். தேர்விலே தோற்றோர், வீட்டிலே வறுமையுற்றோர், சமய நம்பிக்கையில் ஐயமுற்றோர், காதலாற் கலங்கினோர் ஆகிய மாணவர் பலர், பிறரிடம் சொல்லலாகாதனவற்றை அவரிடம் எழுதியிருந்தனர். அன்று பத்தொன்பது ஆண்டினராயிருந்த அவர்கள் இன்று பெரும்பதவிகளில் இருப்பவர்கள், மக்களைப் பெற்றவர்கள். தம் மடல் ஒரு தட்டினுள் உயிரோடு கிடக்கின்றது என்பதையும் அறியாதவர்கள்.

நாம் மகனாரிடம் சொன்னது இது. விடுத்தவர் பெயரும் நாளும் மட்டும் கொண்ட ஓர் அட்டவணையை, மடல்களைத் திறவாமலே செயலியிலிருந்து எடுக்கலாம். அதனை வைத்துக் குடும்பத்தார் மடல், நண்பர் மடல், மாணவர் மடல் என்று வகுத்து, முன்னிரண்டையும் வீட்டார் வைத்துக்கொள்க. மாணவர் மடல்களைத் திறவற்க. அவர் சிறிது நேரம் வாளா இருந்தார். தந்தையார் அவர்கட்கு என்ன மறுமொழி எழுதினார் என்பதைப் படிக்க விருப்பம் உண்டு என்றார். அவ்விருப்பம் குற்றமுடையதன்று, தந்தையை அறியாத மகன் ஒருவன் அறிந்துகொள்ள விரும்பினான் என்பதே அது. ஆயினும் மறுமொழியைப் படித்தால் வினாவும் உடன் தோன்றுமே. மறுமொழியின் அடியில் வந்த மடலும் ஒட்டிவருதல் மின்னஞ்சலின் இயல்பு. முடிவில், அம்மாணவருள் முகவரி கிட்டியவர்க்கெல்லாம் அவரவர் மடலையும் அதற்குத் தந்தையார் விடுத்த மறுமொழியையும் திருப்பி அனுப்புவது என்று முடிவாயிற்று. மூவர் மறுமொழி எழுதினர். ஒருவர், ஆசிரியர் எழுதிய பகுதியை மட்டும் மகனார் படிக்கலாம் என்று பிரித்து அனுப்பியிருந்தார்.

பழைய மாணவர் மலர்களிலும் நூற்றாண்டு விழா வெளியீடுகளிலும் இத்தகைய மடல்களை அச்சிட விழைவார் ஒன்று நினைக்கவேண்டும். 2006-ஆம் ஆண்டு எமரி பல்கலைக்கழகம் சல்மான் ருஷ்டியின் பழைய கணினிகளைப் பெற்றபோதும், 2011-இல் பிரிட்டிஷ் நூலகம் வெண்டி கோப் என்னும் கவிஞரின் நாற்பதாயிரம் மின்மடல்களைப் பெற்றபோதும், கொடுத்தவர் உயிரோடிருந்து இசைந்து கொடுத்தனர். நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ஆம் ஆண்டினது. அதன்படி, மடலைப் பெற்றவரிடம் அதன் படி இருப்பினும், அதனை அச்சிடும் உரிமை எழுதியவர்க்கே உரியது. அவர் மறைந்த பின்னும் அறுபதாண்டுகள் அவர்தம் உரிமையாளர்பால் நிற்பது. ஆதலின் மீட்ட மடல் ஒன்றை இம்மலருக்கு விடுப்பவர், எழுதியவரது இசைவுக் கடிதத்தையும் உடன் வைத்து அனுப்புதல் வேண்டும்.